தாங்கள் காட்டும் நபர் – ஒரு வரியின் வரலாறு

வீட்டுல பழைய கிரைய அக்ரிமென்ட் ஏதாவது இருந்தா எடுத்துப் பாருங்க. பெரும்பாலும் நடுவுல இப்படி ஒரு வரி வரும்: பாக்கித் தொகையைப் பெற்றுக்கொண்டு தங்கள் பெயருக்கோ அல்லது தாங்கள் காட்டும் நபர் பெயருக்கோ கிரையம் செய்து கொடுக்க வேண்டியது.

படிக்கிறப்ப யாரும் கவனிக்க மாட்டோம். பத்திர எழுத்தர் வழக்கமா போடுற வரி, நாமும் தலையாட்டிட்டுக் கையெழுத்துப் போடுவோம். ஆனா அந்த "காட்டும் நபர்" இருக்காரே, அவரை நம்பித்தான் ஒரு பெரிய வியாபாரமே நடக்குது. இந்தப் பதிவு அவரைப் பத்திதான்.

பதிவுக்குக் காரணம் என் அக்கா பையன். அவங்க வீட்டுல தாத்தா, அப்பா ரெண்டு பேரும் குழித்தறியில பட்டு நெஞ்சவங்க. இவன் தறியில உக்காரலை. டிகிரி முடிச்சிட்டு கொஞ்ச நாள் சென்னை, கொஞ்ச நாள் ஆரணின்னு இருக்கான். திடீர்னு ஒரு நாள், "மாமா, ஹோல்சேல் ரியல் எஸ்டேட் தெரியுமா? அமெரிக்காவுல பயங்கரமா பண்றாங்க. சொந்தக் காசே தேவையில்லை. வீட்டை வாங்கவே வேணாம், வாங்குற அக்ரிமென்ட்டை மட்டும் வித்தாப் போதும்"னான்.

"டேய், இது அமெரிக்கா சரக்கு இல்லடா. நம்ம ஆற்காட்டுச் சீமையில 250 வருஷமா ஓடுற சரக்கு"ன்னு ஆரம்பிச்சேன். நவாப் பேரைச் சொன்னதும் பையன் எஸ்கேப் :) அதனால உங்ககிட்ட சொல்றேன். கேட்டுத்தான் ஆகணும்.

முதல்ல வியாபாரம் என்னன்னு பாத்துடலாம். ஒரு கணக்குக்கு வச்சுக்குங்க. ஒருத்தர் அவசரமா வீட்டை விக்கணும். 20 லட்சத்துக்கு நான் பேசி முடிக்கிறேன். ஒரு லட்சம் அட்வான்ஸ், மூணு மாசம் கெடு, அக்ரிமென்ட். அந்த மூணு மாசத்துக்குள்ள 22 லட்சத்து 50 ஆயிரத்துக்கு வாங்குற ஆளைப் பிடிக்கிறேன். கிரையம் வீட்டுக்காரர்கிட்ட இருந்து நேரா அவர் பேருக்குப் போகுது. நடுவுல என் பேரே இல்லை. வித்தியாசம் இரண்டரை லட்சம் எனக்கு.

இது புரோக்கர் வேலை இல்லையான்னு கேக்கலாம். இல்லைங்க. புரோக்கர் ரெண்டு பக்கத்தையும் உக்கார வச்சுப் பேசி கமிஷன் வாங்குறவர். விலை என்னன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். இங்க விக்கிறவருக்கு ஒரு விலை தெரியும், வாங்குறவருக்கு இன்னொரு விலை தெரியும். ரெண்டும் தெரிஞ்ச ஒரே ஆள் நடுவுல இருக்கிறவர். நம்ம பக்கம் "மேல வச்சு விக்கிறது"ன்னு சொல்றது இதைத்தான்.

அமெரிக்காவுல இதுக்குப் பெரிய பாடத்திட்டமே உண்டு. 1980ல ராபர்ட் ஆலன்ங்கிறவர் எழுதின "நத்திங் டவுன்" புத்தகம் சக்கைப்போடு போட்டுச்சு. கைக்காசு இல்லாம வீடு வாங்குறது எப்படின்னு சொல்ற புத்தகம். அப்புறம் ராத்திரி டிவி விளம்பரம், கேசட், செமினார், இப்ப வீடியோ. அங்கேயும் கடைசில சட்டம் வந்துடுச்சு. இல்லினாய் மாநிலத்துல 2019ல திருத்தம் கொண்டு வந்து, ஒரு வருஷத்துல ஒரு தடவைக்கு மேல இப்படி அக்ரிமென்ட்டைக் கை மாத்தினா புரோக்கர் லைசென்ஸ் வேணும்னுட்டாங்க. பையன் பாத்த வீடியோவுல அது வரலை போல.

ஆரணிக்காரங்களுக்கு இடைத்தரகு புதுசு இல்லை. பட்டு நூலும் ஜரிகையும் முதலாளி தருவார். நெசவாளி நெஞ்சு கொடுத்துட்டுக் கூலி வாங்குவார். சேலை காஞ்சிபுரத்துக்கோ சென்னைக்கோ போயி கடையில என்ன விலைக்கு விக்குதுன்னு நெஞ்சவருக்குத் தெரியாது. அப்ப நிலத்துல மட்டும் என்ன தப்புன்னு ஒருத்தர் கேக்கலாம்.

வித்தியாசம் இருக்கு. ஜவுளி முதலாளி நூலுக்கு முதல் போட்டிருக்கார். சேலை விக்கலைன்னா சரக்கு அவர் கடையிலதான் தேங்கும். அக்ரிமென்ட் பேப்பரை வச்சிருக்கிறவர்கிட்ட அட்வான்ஸைத் தவிர தேங்க எதுவும் இல்லை. பேப்பர் நகருற வரைக்கும் லாபம். நின்னா யார் தலையில விடியும்? இந்தக் கேள்வியை மட்டும் கையில பிடிச்சுக்கிட்டு பழைய கதைக்குள்ள போவோம்.

நவாப் எழுதிக் கொடுத்த சீட்டு

ஆரணி கோட்டையைப் பாத்திருப்பீங்க. 17ஆம் நூற்றாண்டுல பீஜப்பூர் படையோட ஷாஜி போன்ஸ்லே தெற்கே வந்தப்ப அவர்கூட வந்த ஒரு மராட்டியக் குடும்பத்துக்கு ஆரணி ஜாகீராக் கிடைச்சது. சத்திய விஜய நகரத்துல இருக்கிற அரண்மனை அந்த வம்சத்தோடதுதான். ஜாகீர்னா நிலத்துக்குச் சொந்தம்னு அர்த்தம் இல்லை. அந்த நிலத்துல விளையறதுல அரசுக்குச் சேர வேண்டிய பங்கை வசூல் பண்ணிக்கிற உரிமை. உழுதவன் உழுதுக்கிட்டேதான் இருப்பான், வசூல் பண்ற கை மட்டும் மாறும். அதாவது நிலம் ஒண்ணு, நிலத்து மேல எழுதின பேப்பர் வேற ஒண்ணு. இந்த ரெண்டும் தனித்தனியா நடமாடலாம்ங்கிறது நம்ம பக்கத்துல ரொம்பப் பழைய சமாச்சாரம்.

அதை உச்சத்துக்குக் கொண்டு போனவர் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா. 1749ல இருந்து 1795 வரைக்கும் நவாப். சண்டைக்கு காசு, கம்பெனிக்குக் கட்ட காசு, 1768ல சேப்பாக்கத்துல குடியேறின அரண்மனைக்குக் காசு. எல்லாத்துக்கும் கடன். கடன் கொடுத்தது யாரு? மெட்ராஸ்ல கிழக்கிந்தியக் கம்பெனியில சம்பளத்துக்கு இருந்த வெள்ளைக்காரங்க. ஈடா நவாப் என்ன கொடுப்பார்? இந்தச் சீமையோட வரி வசூலை இன்னார் எடுத்துக்கலாம்னு ஒரு சீட்டு. அந்தச் சீட்டும் கடன் பத்திரமும் மெட்ராஸ்லயும் லண்டன்லயும் கை மாறிக்கிட்டே இருந்துச்சு. வந்தவாசி எங்க, போளூர் எங்கன்னு தெரியாதவங்க கையில எல்லாம் ஆற்காட்டு நெல் பேப்பரா இருந்துச்சு.

இதுல பெரிய கை பால் பென்ஃபீல்ட். 1764ல மெட்ராஸுக்குக் கட்டட வேலைக்கு வந்த ஆள். சம்பளம் வருஷத்துக்குச் சில நூறு பவுண்டுதான். 1776ல கவர்னர் பிகாட் தஞ்சாவூரை மறுபடி அங்க இருந்த மராட்டிய ராஜா துளஜா கையில ஒப்படைச்சப்ப, இவர் வந்து நிக்கிறார். "தஞ்சாவூர் வசூல் மேல நவாப் எனக்கு எழுதிக் கொடுத்திருக்கார், வயல்ல நிக்கிற பயிர் மேலயும் எனக்குப் பாத்தியதை இருக்கு"ன்னு. கேட்ட தொகை இரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல! பிகாட் ஒத்துக்கலை. ஆனா கவுன்சில்ல இருந்த பல பேர் நவாபுக்குக் கடன் கொடுத்தவங்க. 1776 ஆகஸ்ட்ல கவர்னரையே பிடிச்சு உள்ள வச்சுட்டாங்க. அடுத்த வருஷம் மே மாசம் காவல்லேயே செத்துப் போனார். 1785 பிப்ரவரி 28ல எட்மண்ட் பர்க் லண்டன் பார்லிமென்ட்ல பேசின புகழ் பெற்ற பேச்சு இந்த ஆற்காடு நவாப் கடனைப் பத்தினதுதான்.

கடைசில என்ன ஆச்சு? 1801ல கம்பெனி கர்நாடகத்தையே எடுத்துக்கிட்டது. 1805ல ஒரு கமிஷன் போட்டு, நவாப் சீட்டு வச்சிருக்கிறவங்க எல்லாம் வாங்கன்னாங்க. கோடிக்கணக்கான பவுண்டுக்கு உரிமை கேட்டு வந்தாங்க. அலசிப் பாத்ததுல பத்துல ஒரு பங்குகூட தேறலை. மத்ததெல்லாம் தள்ளுபடி. முதல்ல வாங்கி வித்தவங்க சம்பாதிச்சுட்டுப் போயிட்டாங்க. பென்ஃபீல்ட்கூட கடைசில எல்லாத்தையும் விட்டுட்டு 1810ல பாரிஸ்ல ஏழையாச் செத்தார்.

ஆனா எனக்கு உறுத்துறது பென்ஃபீல்ட் இல்லை. வயல்ல நிக்கிற பயிர் மேல சீட்டு எழுதினாங்களே, அந்தப் பயிரை வச்ச குடியானவன். அவனுக்கும் ஊர்ல வசூல் பண்ண வர்ற ஆளுக்கும் நடுவுல எத்தனையோ வாய்ப்பேச்சு இருந்திருக்கும். மழை இல்லைன்னா குறைச்சுக்கலாம், விதைநெல்லை விட்டுடலாம், அடுத்த போகத்துல பாத்துக்கலாம். சீட்டு கை மாறும்போது இந்தப் பேச்செல்லாம் கூடவே போகாது. தொகையும் தேதியும் மட்டும்தான் போகும்.

சட்டம் ஒண்ணு சொல்லும், தெரு ஒண்ணு சொல்லும்

19ஆம் நூற்றாண்டுல ரயத்துவாரி வந்து, தனித்தனி ஆளுக்குப் பட்டான்னு ஆச்சு. ஜாகீரா இருந்த ஆரணி மாதிரி இடங்கள் விதிவிலக்கு. 1864ல பத்திரப்பதிவுச் சட்டம் வந்தது. இப்ப இருக்கிற பதிவுச் சட்டம் 1908ஆம் வருஷத்தது. சாமானியன் நிலம் வாங்கலாம் விக்கலாம்னு வந்ததும் அக்ரிமென்ட்டும் கூடவே வந்துடுச்சு. அச்சாரம் கொடுக்கிற பழக்கம் நமக்கு ஏற்கனவே உண்டு. அதுக்குக் காகித வடிவம், அவ்வளவுதான்.

1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் இதைத் தெளிவா சொல்லிடுச்சு. அதோட 54ஆவது பிரிவுப்படி, விக்கிறேன்னு போட்ட ஒப்பந்தம் அந்தச் சொத்து மேல எந்தப் பாத்தியதையையும் உண்டாக்காது. அக்ரிமென்ட் போட்டவனுக்கு நிலம் சொந்தம் இல்லை. நிலத்தைத் தரச் சொல்லிக் கேக்கிற உரிமை மட்டும் இருக்கு.

அந்த உரிமையை இன்னொருத்தருக்குக் கொடுக்கலாமா? கொடுக்கலாம். கைமாத்தக் கூடாதுன்னு அக்ரிமென்ட்லயே எழுதியிருந்தா மட்டும் முடியாது. ஆனா ஒரு நுணுக்கம் இருக்கு. 1962ல கர்தா கம்பெனி வழக்குன்னு ஒரு சணல் வியாபார வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. அதுல சொன்ன விதி: ஒப்பந்தத்துல இருக்கிற உரிமையைப் பொதுவா கை மாத்தலாம், ஆனா கடமையை எதிராளி சம்மதம் இல்லாம கை மாத்த முடியாது. உரிமை நகரும், கடமை நகராது. இந்த வரியை மனசுல வச்சுக்குங்க.

இப்ப எங்க தெருவுக்கு வர்றேன். 2007னு நினைக்கிறேன், நிலம் விலை ஏறிக்கிட்டிருந்த நேரம். எதிர் வீட்டுல ஒரு அம்மா. வீட்டுக்காரர் தவறிட்டார், மகன் தறி போட்டுக்கிட்டிருந்தான். பொண்ணு கல்யாணக் கடனுக்காக வீட்டை வித்தாங்க. தெரிஞ்ச ஒருத்தர் வந்து பேசினார், இருபது ரூபாய் பத்திரத்துல அக்ரிமென்ட். அந்த அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். தறியில பாவு இருக்கு, நெஞ்சு முடிக்கிற வரைக்கும் காலி பண்ணச் சொல்லக் கூடாது. "அதுக்கென்னம்மா, பொறுமையா பண்ணுங்க"ன்னார் அவரும். மனுஷன் பொய் சொல்லலை. அவர் நல்ல மாதிரிதான்.

பேப்பர் ரெண்டு கை மாறிச்சு. ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு அந்த அம்மா போனப்ப பெஞ்சுல முன்னப்பின்ன தெரியாத ஒரு குடும்பம் உக்காந்திருக்கு. "இவங்க யாருப்பா? நாங்க இவங்களுக்கு விக்கலையே"ன்னு கேட்டிருக்காங்க. பத்திர எழுத்தர் அந்த வரியைக் காட்டினார். தாங்கள் காட்டும் நபர். நீங்கதானேம்மா கையெழுத்துப் போட்டிருக்கீங்கன்னார். சரிதான், போட்டிருக்காங்க.

வாங்கினவங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது. கடன் வாங்கி வந்தவங்க, வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டு வந்தவங்க. ஒரு வாரத்துல வீடு வேணும்னாங்க. தறியில இன்னும் ரெண்டு சேலை பாக்கி. பட்டுப் பாவை நடுவுல அறுத்து இன்னொரு குழியில இறக்கி ஏத்துறது என்ன வேலைன்னு நெசவு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். நூல் முதலாளியோடது, வீணானா கூலியில பிடிப்பாங்க. நாங்க நாலு பேர் போய்ப் பேசினோம். பத்து நாள் கூட கிடைச்சது. ராத்திரி பகலா தறி ஓடுச்சு. அப்புறம் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. புது வீட்டுக்காரங்க முதல் வேலையா குழியை மூடி டைல்ஸ் போட்டாங்க.

வீடு என்ன விலைக்குக் கடைசில போச்சுன்னு அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சதும் வருத்தப்பட்டாங்கதான். ஆனா திரும்பத் திரும்ப என்கிட்ட சொன்னது விலையைப் பத்தி இல்லை. "பாவு முடியற வரைக்கும்னு சொன்னாரேப்பா" – அதுதான்.

இதுதான் எனக்குப் புரிஞ்சது. பேப்பர் கை மாறும், வாய்ப்பேச்சு கை மாறாது. சணல் வழக்குல கோர்ட் சொன்னதையே எதிர் வீட்டு அம்மா வேற மாதிரி சொல்லிட்டாங்க.

கெடு தேதி

மேல வச்சு விக்கிறதுல இன்னொரு சிக்கல் காலம். ஆள் கிடைக்கிற வரைக்கும் அக்ரிமென்ட்டை இழுத்துக்கிட்டே போறது. இதுக்கு ஒரு மதுரை வழக்கு இருக்கு. வித்யாநாதம் எதிர் வைரவன். மதுரையில ஒரு வீடு, 1978 டிசம்பர்ல அக்ரிமென்ட். விலை 60,000 ரூபாய், அட்வான்ஸ் 5,000, கெடு ஆறு மாசம். வாங்க வேண்டியவர் இரண்டரை வருஷம் அசையலை. அதுக்குள்ள விலை எங்கேயோ போயிடுச்சு. அப்புறம் வந்து பழைய விலைக்கே எழுதிக் கொடுன்னார்.

சட்டப்படி வழக்குப் போட மூணு வருஷம் டைம் இருக்கு. நிலம் வீடு விஷயத்துல கெடு அவ்வளவு முக்கியம் இல்லைன்னுதான் கோர்ட்டுகளும் பழைய காலத்துல சொல்லிக்கிட்டு வந்தன. 1997ல சுப்ரீம் கோர்ட் அதை யோசிச்சுப் பாத்தது. விலை அசையாத காலத்துல உண்டான விதி அது, இப்ப விலை குதிச்சு ஏறுது, ஆறு மாசம்னு எழுதினா அதுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கணும்னு சொல்லி, கிரையம் பண்ணித் தரச் சொல்ல மறுத்துடுச்சு. 2011ல சாரதாமணி கந்தப்பன் வழக்கு, அதுவும் தமிழ்நாட்டு வழக்குதான், அதுலயும் இதையே அழுத்திச் சொன்னாங்க. கெடுங்கிறது பேப்பரை நகர்த்துறவர் வசதிக்கு இல்லை, விக்கிறவர் வாழ்க்கைக்கும் சேர்த்துத்தான்னு நான் எடுத்துக்கறேன்.

பவர் காலம், அப்புறம் பூட்டு

அக்ரிமென்ட்டை விட சௌகரியமானது பவர். வீட்டுக்காரர் ஒரு தடவை பவர் எழுதிக் கொடுத்துட்டா அப்புறம் அவரைத் தேடிப் போக வேண்டாம். விவசாய நிலத்தைப் பவர் வாங்கி, கல்லு நட்டு, கொடி கட்டி, மனை மனையா வித்ததெல்லாம் நம்ம கண்ணு முன்னாடி நடந்தது. சேத்துப்பட்டு ரோடு, வேலூர் ரோடு, செய்யாறு பக்கம் சிப்காட் வந்த பிறகு அந்த ரோடுன்னு எங்க திரும்பினாலும் மஞ்சக் கல்லு. சிக்கல் என்னன்னா, பொதுவா பவர் கொடுத்தவர் செத்தா பவரும் செத்துடும். அது தெரியாமலோ தெரிஞ்சோ எத்தனை கிரையம் ஆகியிருக்கோ!

கதவு ஒவ்வொண்ணா மூடின வரிசை இது:

2011 அக்டோபர் 11ல சூரஜ் லேம்ப் வழக்குல சுப்ரீம் கோர்ட், அக்ரிமென்ட், பவர், உயில் மூணையும் வாங்கி வச்சுக்கிட்டா சொத்து உங்களுது ஆகிடாது, பதிவு செஞ்ச கிரையப் பத்திரம்தான் சொத்தை மாத்தும்னு சொல்லிடுச்சு.

2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டுல கிரைய அக்ரிமென்ட்டையும் சொத்து சம்பந்தமான பவரையும் கட்டாயம் பதிவு பண்ணணும்னு திருத்தம் வந்தது. அதுவரைக்கும் சட்டைப் பையில இருந்த பேப்பர், இனிமே வில்லங்கம் போட்டா தெரியும்.

2015 ஜூன் 1 முதல் சொத்துக்கான அட்வான்ஸை 20,000 ரூபாயும் அதுக்கு மேலயும் ரொக்கமா வாங்கக் கூடாதுன்னு வருமான வரிச் சட்டத்துல மாத்தம்.

2016 செப்டம்பர் 9ல சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு பண்ணக் கூடாதுன்னு உத்தரவு போட்டது. இது உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அடுத்த வருஷம் மே மாசம் வரன்முறை விதிகள் வந்து கொஞ்சம் கொஞ்சமாத்தான் தளர்ந்தது. இதுக்கு நடுவுல நவம்பர்ல பணமதிப்பிழப்பு வேற.

2016ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவான மனைப்பிரிவு, அடுக்குமாடித் திட்டங்களை வித்துக் கொடுக்கிற ஏஜென்ட்டும் பதிவு பண்ணணும்னு ஆச்சு.

அந்த எட்டு மாசம் பூட்டு இருக்கே, அதுதான் என் கேள்விக்குப் பதில். பேப்பர் நின்னா யார் தலையில விடியும்னு கேட்டேன்ல? மூணு கை மாறி வந்த மனையை, விக்கலாம்னு நினைச்சு வாங்கின நாலாவது ஆள் தலையில விடிஞ்சது. அவர் பெரும்பாலும் ரியல் எஸ்டேட் ஆளே இல்லை. சீட்டுக் கட்டிச் சேத்த வாத்தியார், வெளிநாட்டுல இருந்து பணம் அனுப்பின பையனோட அப்பா, தறியை வித்துட்டு மனையில போட்ட நெசவாளி. 1805 கமிஷன் முன்னாடி சீட்டைத் தூக்கிக்கிட்டு நின்னவங்க வரிசைதான் இதுவும். ஊரும் வருஷமும் மட்டும் வேற.

சரி, ஆரம்பிக்கிறது எப்படி?

பையன் கேட்டது இதைத்தான். வேண்டாம்னு நான் சொல்லலை. அவசரமா விக்கணும்னு நிக்கிறவருக்கு ஆள் தேடித் தர்றது ஒரு வேலைதான். தேடுறதுக்கு அலையணும், பத்திரம் படிக்கணும், அதுக்குக் கூலி நியாயம். ஆனா ஆரம்பிக்கிறவங்களுக்கு இவ்வளவு சொல்லுவேன்.

முதல்ல படிக்கக் கத்துக்குங்க. தாய்ப்பத்திரம், வில்லங்கம், பட்டா, அ-பதிவேடு, நில வரைபடம். ஒரு வருஷம் யார்கிட்டயாவது சும்மா கூடப் போய்ப் பாருங்க. எந்த வீடியோவும் ஆரணி ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல ஒரு முகூர்த்த நாள் நிக்கிறதுக்கு ஈடாகாது.

அக்ரிமென்ட்டைப் பதிவு பண்ணுங்க. அட்வான்ஸை பேங்க் வழியா கொடுங்க. செலவு ஆகும்தான். அந்தச் செலவே தாங்காத பேரம்னா அதுல லாபம் இல்லைன்னு அர்த்தம்.

"காட்டும் நபர்" வரியைக் கையெழுத்துக்கு முன்னாடி விக்கிறவருக்கு வாசிச்சுக் காட்டி அர்த்தம் சொல்லுங்க. நான் வாங்கலை, வேற ஆளுக்கு மாத்தி விடுவேன், அதுல எனக்கு லாபம் இருக்குன்னு வாய் திறந்து சொல்லுங்க. சொன்னா பேரம் முறிஞ்சுடும்னு பயமா இருந்தா, அந்தப் பேரம் அவரோட அறியாமை மேல நிக்குதுன்னு அர்த்தம்.

அவர் வாயால கேட்டது எல்லாத்தையும் பேப்பர்ல எழுதுங்க. எப்ப காலி பண்ணுவாங்க, மாடு எங்க கட்டுவாங்க, கிணத்துத் தண்ணி யாருக்கு, தறியில பாவு எவ்வளவு பாக்கி. எழுதினாத்தான் அது அடுத்த கைக்குப் போகும். எழுதாதது உங்ககிட்டயே நின்னுடும், அப்புறம் தொலைஞ்சுடும்.

கடைசியா ஒண்ணு. ஆள் கிடைக்கலைன்னா நானே வாங்கிக்க முடியுமான்னு உங்களையே கேட்டுக்குங்க. முடியாதுன்னா, அட்வான்ஸை விட்டுக் கொடுத்துட்டு கெடு தேதியில மரியாதையா விலகிக்க மனசு இருக்கான்னு கேட்டுக்குங்க. ரெண்டும் இல்லைன்னா இந்தப் பக்கம் வராதீங்க.

நவாப் சீட்டுல இருந்து மஞ்சக் கல்லு வரைக்கும் நான் பாத்த வரையில், பேப்பரை நடுவுல வச்சிருக்கிறவர் பெரும்பாலும் கெட்டவர் இல்லை. ரெண்டு முனையிலயும் நிக்கிற ஆளை அவர் பாக்குறதே இல்லை, அவ்வளவுதான். ஒரு முனையில உழுதவனோ நெஞ்சவனோ இருப்பான். இன்னொரு முனையில வாழ்நாள் சேமிப்போட ஒரு குடும்பம் இருக்கும். ரெண்டு வீட்டுக்கும் ஒரு தடவை நேர்ல போய் உக்காந்து காபி குடிச்சிட்டு வந்து பேரம் பேசுங்க. உங்க லாபம் கொஞ்சம் குறையும். தெருவுல தலை நிமிர்ந்து நடக்கலாம்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. சட்டப் பிரிவெல்லாம் கதை புரியறதுக்காகச் சொன்னது. பத்திரத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி நல்ல வக்கீலா பாத்து ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.